24 மீட்டர் கயிறும் ஒன்பதாம் வகுப்பும்

1/2 + 1/3 = 2/5. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளில் இன்றும் பார்க்கக் கிடைக்கிற விடை இது. தப்பு என்று சுழித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால், இதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. 2 ஆட்டங்களில் 1 வெற்றி, அடுத்த 3 ஆட்டங்களில் 1 வெற்றி என்றால் மொத்தம் 5 ஆட்டங்களில் 2 வெற்றி. அந்தக் கணக்குக்கு மாணவியின் வழி சரிதான். தோசைக்குத்தான் பொருந்தாது. "அரைத் தோசையோடு இன்னொரு துண்டு சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் அவளே அந்த விடையை அடித்துவிடுவாள்.

இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே அவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிறாள். அங்கே விகிதமுறு கோவைகளைக் கூட்ட வேண்டும். முடியாது. 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறுகிறது. தேர்ச்சிக்குத் தேவையானதை மட்டும் தொகுத்த 'மினிமம் மெட்டீரியல்' கையில் வருகிறது. வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14. இவற்றோடு இன்னும் 5 எடுத்தால் 35, தேர்ச்சி. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும், பரவளையத்தை அழகாக வரைந்துவிட்டு அது எதைக் காட்டுகிறது என்றே தெரியாமல் ஒரு பிள்ளை வெளியேறுவது அநியாயம்.

வேறு வழி உண்டு. வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு: 24 மீட்டர் கயிற்றால் செவ்வகப் பாத்தி கட்ட வேண்டும், எந்த அளவில் பரப்பு அதிகம்? பின்தங்கியவர்கள் கட்டம் போட்ட தாளில் வரைந்து எண்ணலாம்: 2, 10 என்றால் 20, 4, 8 என்றால் 32, 5, 7 என்றால் 35, 6, 6 என்றால் 36. அடுத்த நிலையினர் x(12−x) என்று எழுதுவார்கள். வேகமானவர்கள் அதையே 36−(x−6)² என்று மாற்றி, 36-ஐத் தாண்ட முடியாது என்று நிரூபிக்க வேண்டும். விடை மட்டும் சொன்னால் போதாது. கடைசிப் பத்து நிமிடம் முக்கியம். கட்டம் எண்ணியவர்களை முதலில் பேசவிட வேண்டும். அவர்கள் சொன்ன எண்களைப் புள்ளிகளாகக் கரும்பலகையில் குறித்தால் பரவளையம் வந்துவிடும். மனப்பாடமாக வரைந்த அதே வளைகோடுதான். இப்போது அதன் உச்சி என்னவென்று வகுப்புக்கே தெரியும்.

இதனாலேயே பின்னம் வந்துவிடாது. அதற்குத் தனியாக நேரம் வேண்டும். தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு 2025-ல் தொடங்கிய 'திறன்' இயக்கம் அடிப்படையைச் சரிசெய்யத்தான் வந்தது. அதற்காக மாணவர்களைப் பிரித்துக் கற்பிப்பதில் தவறில்லை. பிரிவு நிரந்தரமானால்தான் ஆபத்து. நீண்ட காலம் மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருந்த சிங்கப்பூர், 2024-ல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களிலிருந்து அதைக் கைவிட்டது. இப்போது ஒரே மாணவர் கணக்கை ஒரு நிலையிலும் தாய்மொழியை வேறொரு நிலையிலும் படிக்கலாம்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதத்தைப் பின்னத்துக்கும் குறை எண்களுக்கும் விட்டுக்கொடுங்கள். அந்த மாதம் பாடம் பின்தங்கியது என்று கணக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.