சாவி வாங்கும் முன்பா, வாங்கிய பின்பா? புது வீட்டின் மேலதிக வேலைகளை யாரிடம் கொடுப்பது?

ஹட்டனில் ஜவுளிக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், நகரை அண்டிய புதிய வீட்டுத் திட்டம் ஒன்றில் வீடு வாங்கினார். கட்டிக்கொடுத்த கம்பனி, அடிப்படை விலைக்குப் புறம்பாக ஒரு பட்டியலையும் நீட்டியது. சுடுநீர்க் குழாய், உயர்ரக டைல்ஸ், பென்ட்ரி கபட், சீலிங், பின்பக்கத் தாங்குமதில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. "வெளியில செஞ்சா பாதிக் காசுதான்" என்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நண்பர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். சாவி கைக்கு வந்ததும் வெளியிலிருந்து ஒரு பாஸை அழைத்து, பூசி முடித்த சுவரை வெட்டி, சுடுநீர் லைன் போட்டார்.

இரண்டாவது மாதம் ஹோல் சுவரில் ஈரம் ஊறத் தொடங்கியது. கம்பனிக்காரர் வந்து பார்த்தார். "நாங்க போட்ட லைன்ல பிழையில்ல நானா, உங்கட ஆள் சுவர வெட்டக்குள்ள தட்டியிருப்பாரு" என்றார். பாஸோ, அது முன்பே கசிந்துகொண்டிருந்தது என்றார். இருவரில் யார் சொன்னது உண்மை என்பது இன்றுவரை தெரியாது. சுவரை மீண்டும் உடைத்துத் திருத்தும் செலவு நண்பரின் தலையில் விழுந்தது. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுபடும் நாட்கள் ஹட்டன் ஜவுளி வியாபாரிக்கு என்னவென்று நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நண்பர் வெளியாளிடம் போனது பிழையல்ல. எந்த வேலையை வெளியாளிடம் கொடுத்தார் என்பதில்தான் பிழை. சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் மறைந்துவிடும் வேலை எதுவோ, அதை வீட்டைக் கட்டுபவரே, பூசுவதற்கு முன் செய்ய வேண்டும். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும் வேலை, கழற்றி மாட்டக்கூடிய வேலை எதையும் வெளியாளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். காரணம் எளிது. மறைந்த வேலையில் இரண்டு கைகள் பட்டுவிட்டால், பழுது வரும்போது இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

மலைநாட்டில் சுடுநீர் ஆடம்பரமல்ல. குளியலறை ஹீட்டர் 3 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதற்குத் தனி வயர், சரியான ஏர்த், தனி பிரேக்கர் வேண்டும். இவற்றைச் சுவர் பூசப்படும் முன் போடுவதற்கும், பின்னர் வெட்டிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வயரிங்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இது காசுள்ளவரின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்திய அரசின் உதவியுடன் மலையகத் தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் 2016-இல் ஆரம்பமானது. 2017 மே 12-ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2024 பெப்ரவரியில் அதன் முதல் தொகுதியாக 1,300 வீடுகளுக்கான வேலை தொடக்கிவைக்கப்பட்டது. லயத்துக் காம்பராவில் இருந்தவருக்கு 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, ஹோல், சமையலறை, மலசலகூடம். முதலில் வீடொன்றுக்கு ஒன்பதரை இலட்சம் ரூபா. பொருட்களின் விலை எகிறிய பின்னர் அது 28 இலட்சமாக உயர்த்தப்பட்டது. முந்திய கட்டத்தில் வேலை முன்னேற முன்னேறத் தவணையாகப் பணம் கொடுத்து, குடும்பமே முன்னின்று கட்டும் முறையே பின்பற்றப்பட்டது.

550 சதுர அடி என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சாவி கிடைத்த மறுநாளே ஒருவருக்கு விறகடுப்புக்குத் தனிக் குசினி வேண்டும், இன்னொருவருக்கு முன் விறாந்தை வேண்டும். வீடு முடிந்த பின் பக்கத்தில் ஒட்டிக் கட்டும் அறைக்கு ஆழமில்லாத அத்திவாரம் போட்டால், புதிய பகுதி தனியாக இறங்கும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் வெடிப்பு விழும், மழைநீர் அதன் வழியே உள்ளே வரும். பின்னால் அறை போடும் எண்ணம் இருந்தால், முதல் அத்திவாரம் வெட்டும்போதே தொழில்நுட்ப அலுவலரிடம் சொல்லி, அனுமதியோடு அதன் அத்திவாரத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது மலிவு. சுவர் பிறகு எழும்பட்டும்.

இந்த இடத்தில் ஹாட்வெயார் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. தவணை வரும் என்ற நம்பிக்கையில் சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் கொடுக்கிறோம். ஆனால் அந்தத் தவணை திட்ட வீட்டுக்கு மட்டுமே. விறாந்தைக்குக் கொடுத்த தகட்டுக்கு எந்தத் தவணையும் வராது. அது குடும்பத்தின் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரே கொப்பியில் இரண்டையும் எழுதிவிட்டுப் பின்னர் தலையில் கைவைப்பதில் பயனில்லை. இரண்டு கணக்குகளாக எழுதுங்கள்.

இனி, மலைக்கே உரிய விடயம். வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் என்ன செய்தது என்பதும் கண்முன்னே இருக்கிறது. இங்கே மண்ணை வெட்டிச் சமப்படுத்தித்தான் வீடு எழும்புகிறது. வெட்டிய சரிவைத் தாங்கும் மதிலையும், மழைநீரைக் கொண்டுபோகும் கானையும் "மேலதிக வேலை" என்று பட்டியலில் போடுவதே என்னைப் பொறுத்தவரை தவறு. மண்ணை வெட்டியவர்தான் மதிலையும் கட்ட வேண்டும். வெளியில் மலிவாகக் கட்டும் மதில்களில் நீர் கசிந்து வெளியேறும் துவாரங்கள் இருக்காது, பின்னால் சல்லி நிரப்பியிருக்காது. பின்பக்கம் தேங்கும் தண்ணீரின் பாரம் ஒருநாள் மதிலையே தள்ளிவிடும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை தேவை. வீடு வாங்குபவர் அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதில் மதில், கான் பற்றிச் சொல்லியிருப்பது களத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பென்ட்ரி கபட், சீலிங், திரைச்சீலை, கேட், பெயின்ட் எல்லாம் வெளியில் தாராளமாகச் செய்யலாம். சொல்லப்போனால் பிந்திச் செய்வதே நல்லது. குளிரில் பூச்சு மெதுவாகத்தான் காய்கிறது. ஈரச் சுவரில் அவசரப்பட்டு மாட்டிய கபட் பலகை ஊதிப் போவதை நுவரெலியாவில் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! ஒரு மழைக்காலம் போகட்டும், எந்தச் சுவர் ஊறுகிறது என்று வீடே சொல்லும்.

விலையைப் பொறுத்தவரை வியாபாரிக்கே உரிய கண்ணோடு பாருங்கள். ஓர் உதாரணம். அடிப்படை விலையில் சதுர அடி 250 ரூபா டைல்ஸ் அடக்கம், உங்களுக்கு 400 ரூபா டைல்ஸ் வேண்டும், பரப்பு 600 சதுர அடி என்று வையுங்கள். நீங்கள் கொடுக்க வேண்டிய வித்தியாசம் 90,000 ரூபா. பட்டியலில் 2,40,000 என்றிருந்தால், ஏற்கனவே காசு கொடுத்த டைல்ஸுக்கு மறுபடியும் காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம். வெளியில் செய்வதாக இருந்தால் அந்த 1,50,000 ரூபாவையும் பதிக்கும் கூலியையும் வீட்டு விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். கேட்காதவருக்கு யாரும் கழித்துக் கொடுப்பதில்லை. வற் பதிவுள்ள கம்பனி என்றால் 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற்றும் சேரும். பாஸின் விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கம்பனியிடம் செய்யும் வேலை வீட்டு விலையோடு சேர்ந்து வங்கி நிதிக்குள் போய்விடும், வெளி வேலையின் காசு கல்லாப்பெட்டியிலிருந்து வரும். ஐந்து இலட்ச ரூபாச் சரக்கு வருடத்தில் நான்கு முறை புரண்டு, ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் தருமானால், அந்த ஐந்து இலட்சத்தை வெளியே எடுத்தவர் வருடத்துக்கு இரண்டு இலட்சம் இழக்கிறார். "பாதிக் காசு" என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வீடு வாங்கிய நம் ஊர்க்காரர்களைக் கேட்டால், டேரியன் உத்தரவாதம் பற்றிச் சொல்வார்கள். வேலைத் தரத்துக்கு ஒரு வருடம், நீர் கசிவு, குழாய், மின்சாரத்துக்கு இரண்டு வருடம், பாரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு வருடம். ஆனால் வீட்டுக்காரர் பின்னர் வெளியாளை வைத்துச் செய்த வேலை அதில் அடங்காது. இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து வருடப் பொறுப்பைக் கட்டுபவர் மீது வைத்திருக்கிறது. நம்மவருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் நாமே எழுதி வாங்கிய ஒப்பந்தம்தான். ஐந்து சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஒரு வருடம் கழித்துக் கொடுப்பதாக அதில் எழுதலாம். பெரிய கொந்தராத்துகளில் இது சாதாரணம்.

நமது மார்க்க வணிகச் சட்டத்தில் இஸ்திஸ்னா ஒப்பந்தம் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பொருளும் வேலையும் கட்டுபவருடையது. தரம், அளவு, விலை முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். டைல்ஸை நாம் வாங்கிக் கொடுத்துப் பாஸுக்குக் கூலி மட்டும் கொடுத்தால் அது இஜாரா. அப்போது அவர் தன் கைவேலைக்குத்தான் பதில் சொல்வார், டைல்ஸ் வெடித்ததற்கு அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீண்டது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இருந்தும் வீட்டு வேலையை வாய்ப்பேச்சில் பேசி முடிக்கிறோம்.

செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. சுவர் பூசப்படும் முன், குழாயும் வயரும் போகும் இடங்களை அளவு டேப்பைப் பிடித்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நண்பரிடம் அப்படி ஒரு படம் இருந்திருந்தால், பாஸ் எந்த இடத்தில் வெட்டினார் என்ற சண்டையே வந்திருக்காது.

அவர் இந்தத் தீபாவளிச் சரக்கைப் புறக்கோட்டையில் 90 நாள் காசோலைக்கு எடுத்திருக்கிறார். பின்பக்கத் தாங்குமதிலுக்கு அதே கம்பனியிடம் மீண்டும் விலை கேட்டுப் போனார். பட்டியலில் முன்பிருந்த விலை இப்போது இல்லை. ஆட்களும் இயந்திரமும் திட்டத்தை விட்டுப் போய்விட்டதால், எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி இறக்க வேண்டுமாம்.