கோடைப் பயிற்சிக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பம்

செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு, "லீவுல எங்கயாவது இன்டர்ன்ஷிப் கிடைக்குமா சார்?" என்று பேராசிரியரின் அறை வாசலில் மாணவர்கள் வந்து நிற்பது வழக்கம். அரசின் கொள்கைகள் உருவாகும் இடங்களில் பயிற்சி பெற விரும்புகிறவர்களுக்கு அது தாமதமான கேள்வி. ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பிக்க வேண்டும். கத்திரி வெயிலில் செய்யப்போகும் வேலைக்கு ஐப்பசி மழையிலேயே மனுப் போட வேண்டும். இது தெரியாததாலேயே தகுதியுள்ள பல மாணவர்கள் வாய்ப்பை இழக்கிறார்கள்.

என்ன வேலை இருக்கும்?

ஒரு திட்டம் மக்களுக்கு உண்மையில் எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆராய்வதே இத்தகைய கொள்கைப் பயிற்சியின் சாரம். பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, திருத்திய மதிப்பீட்டில் அது கூடியதா குறைந்ததா, கடைசியில் செலவானது எவ்வளவு என்று மாணவர் ஒப்பிட வேண்டியிருக்கும். நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளையும் தணிக்கை அறிக்கைகளையும் படித்து, நேரமில்லாத அதிகாரிக்கும் புரியும்படி இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்க வேண்டியிருக்கும். பாடப்புத்தகத்தில் 'மானியம்' என்ற ஒரே சொல்லாக இருப்பது, இங்கே ஆயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணையாக விரியும்.

எங்கே, யாருக்கு?

திட்டக் குழுவின் இடத்தில் 2015-ல் உருவான நிதி ஆயோக், ஆண்டு முழுவதும் மாணவர்களைச் சேர்க்கிறது. ஒவ்வொரு மாதமும் 1 முதல் 10-ம் தேதி வரை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இளநிலை மாணவர் இரண்டாம் ஆண்டுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். பிளஸ் 2-வில் 85 சதவீத மதிப்பெண் தேவை. முதுநிலை மாணவருக்குப் பட்டப்படிப்பில் 70 சதவீதம். பயிற்சிக் காலம் குறைந்தது 6 வாரம், அதிகபட்சம் 6 மாதம். கல்லூரியின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு அதிகபட்சம் 125 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், வணிகவியல், மேலாண்மை போன்ற துறைகளில் முதுநிலையோ ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்போ படிப்பவர்கள், கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் இருக்கும்போது விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகள் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

செலவு யாருடையது?

ரிசர்வ் வங்கி மாதம் 20,000 ரூபாய் உதவித்தொகையும், வெளியூர் மாணவர்களுக்கு ரயில் கட்டணமும் தருகிறது. நிதி ஆயோக் பயிற்சிக்கு ஊதியம் இல்லை. மடிக்கணினியை மாணவரே கொண்டுபோக வேண்டும். டெல்லியில் அறை வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் வீட்டுக் காசு. தேனியிலோ தருமபுரியிலோ கூலி வேலை செய்யும் பெற்றோர் இரண்டு மாதம் இதைத் தாங்க முடியுமா? அந்த வீட்டுப் பிள்ளை விடுமுறையில் ஜவுளிக்கடையில் நின்று அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இழப்பு அந்த மாணவருக்கு மட்டுமல்ல. ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்காக இடம் பிடித்து நின்றவருக்கு, கைரேகை பதியாவிட்டால் என்ன ஆகும் என்பது அனுபவமாகவே தெரியும். பள்ளிச் சத்துணவில் வளர்ந்தவர், அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்க்கும்போது கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். அவர் இல்லாத அறையில் அந்தக் கேள்வி எழாமலே போய்விடும்.

அமெரிக்காவும் இதே சிக்கலைச் சந்தித்தது. சம்பளமில்லாப் பயிற்சி வசதியானவர்களுக்கே பயன்படுகிறது என்ற எதிர்ப்பு வலுத்த பிறகு, பயிற்சி மாணவர்களின் ஊதியத்துக்காக 2018-ல் பிரதிநிதிகள் சபைக்கு 88 லட்சம் டாலரும், செனட்டுக்கு 50 லட்சம் டாலரும் ஒதுக்கப்பட்டன. வெள்ளை மாளிகை 2022 இலையுதிர் காலத்தில் ஊதியம் வழங்கத் தொடங்கியது.

கல்லூரி என்ன செய்யலாம்?

ஊதியம் கொடுக்க வேண்டியது அரசின் கடமை. அதுவரை கல்லூரிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. முன்னாள் மாணவர்களிடம் நிதி திரட்டி, ஆண்டுக்கு இரண்டு பேரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உதவலாம். தடையில்லாச் சான்றை அலைக்கழிக்காமல் ஒரே நாளில் கொடுக்கலாம். டெல்லி போக முடியாதவர்கள் உள்ளூர் ஊராட்சியின் வரவு செலவை ஆராய்ந்து அறிக்கை எழுதத் துறையே வழிகாட்டலாம்; அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அது வலு சேர்க்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. அக்டோபர் 15 அன்று காலை, துறையின் அறிவிப்புப் பலகையில், விண்ணப்பம் தொடங்கிவிட்டது என்று தமிழில் எழுதிய ஒரு தாளை ஒட்டுவது.