அலெக்ஸாவா, வெனிஸா, ரெட்டா? முதல் படத்துக்கு கேமரா தேர்வு செய்வது எப்படி?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நம்ம இன்பாக்ஸுக்கு திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. முதல் படம் பண்ணப்போறோம். ஆரி அலெக்ஸா 35 எடுக்கலாமா, சோனி வெனிஸ் 2 எடுக்கலாமா, ரெட் வி-ராப்டர் எடுக்கலாமா?

நான் சாஃப்ட்வேர் ஆள், ஒளிப்பதிவாளர் இல்லை. எது கலர் அழகுன்னு தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா இந்த மூணுமே அடிப்படையில ஒரு சென்சாரும், அது கக்குற டேட்டாவும்தான். அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா தேர்வு கொஞ்சம் தெளிவாகும். தப்பா தேர்ந்தெடுத்தா ஷூட்டிங் முடிஞ்சும் படம் டிஐ-க்குப் போகக் காசில்லாம ஹார்டு டிஸ்க்லயே தூங்கும். அதனாலதான் இந்த எபிசோடு.

எத்தனை கே வேணும்?

முதல்ல எல்லாரும் பார்க்குறது ரெசல்யூஷன். அலெக்ஸா 35-க்கு 4.6கே, வி-ராப்டருக்கு 8கே, வெனிஸ் 2-க்கு 8.6கே. அப்போ வெனிஸ்தான் பெஸ்ட்டா?

தியேட்டருக்குப் போற டிஜிட்டல் பிரிண்ட்ல ரெண்டே அளவு: 2கே, 4கே. 2கே-ன்னா 2048 பிக்சல் அகலம். 2010-ல வந்த முதல் அலெக்ஸாவோட சென்சார் 2.8கே-தான். அந்த கேமராவுல எடுத்த ‘ஹ்யூகோ’, ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்குச்சு. பெரிய திரையில யாரும் பிக்சல் எண்ணலை.

ஆனா படம் எங்க போகுதுங்கிறது முக்கியம். நெட்ஃபிளிக்ஸ் தன்னோட சொந்தத் தயாரிப்புகளுக்கு முதன்மை கேமராவுல 4கே சென்சார் கேட்கும். 3.4கே சென்சார் உள்ள அலெக்ஸா மினி அந்தக் காரணத்தாலேயே பட்டியல்ல வரலை. விஎஃப்எக்ஸ் அதிகம், ஃபிரேமை வெட்டி ஜூம் பண்ணணும்னா 8கே கைகொடுக்கும். இந்த ரெண்டு தேவையும் இல்லைன்னா ‘கே’ எண்ணைக் கடைசியா பாருங்க.

ஜன்னல், ராத்திரி, ரயில்

ஸ்கிரிப்ட்ல இருக்குற கஷ்டமான காட்சிகளைத் தனியா எழுதுங்க. பொதுவா மூணு வகை வரும்.

ஒண்ணு, ஜன்னல். மத்தியானம் 12 மணி, ஃபிளாட்டுக்குள்ள ஒருத்தர் நிக்கிறார், பின்னாடி வெயில் கொளுத்துற தெரு. முகமும் தெரியணும், தெருவும் தெரியணும். இங்கதான் டைனமிக் ரேஞ்ச் வேலை செய்யுது. ஒரு ஸ்டாப் கூடினா ரெண்டு மடங்கு வெளிச்ச வித்தியாசத்தைத் தாங்கும். மூணு ஸ்டாப்னா எட்டு மடங்கு. பழைய அலெக்ஸாக்களுக்கு 14-க்கு மேலன்னு சொன்ன ஆரி, 2022-ல வந்த அலெக்ஸா 35-க்கு 17 ஸ்டாப்னு சொல்லுது. சென்சார் நிரம்பிட்டா, வேரியபிள் மேக்ஸ் வேல்யூவைத் தொட்ட மாதிரி, அதுக்கு மேல இருந்த தகவல் போச்சு. டிஐ-ல யாராலயும் மீட்க முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் ஸ்டாப்பை ஒவ்வொரு மாதிரி அளக்குறதால, பிரவுச்சர் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீங்க.

ரெண்டு, ராத்திரி. வெனிஸ் 2-ல ரெண்டு பேஸ் ஐஎஸ்ஓ: 800, 3200. நாய்ஸ் பெருசா கூடாம 3200-க்குத் தாவலாம்; அதே எக்ஸ்போஷருக்கு கால்வாசி வெளிச்சம் போதும். தெருவிளக்கு, கடை வெளிச்சத்துல நடக்குற கதைன்னா லைட், ஜெனரேட்டர் செலவு குறையும்.

மூணு, வேகம். பெரும்பாலான சென்சார்கள் மேல இருந்து கீழ வரிசை வரிசையா ரீட் பண்ணும். ரயில் வேகமா கடந்தா அதோட கதவு, ஜன்னல் எல்லாம் சாய்ஞ்ச மாதிரி தெரியறது அதனாலதான். இதுதான் ரோலிங் ஷட்டர். நல்ல சினிமா கேமராக்கள் சீக்கிரமா ரீட் பண்றதால இது குறைவா தெரியும். வி-ராப்டர் எக்ஸ் மாடல்ல குளோபல் ஷட்டர் இருக்கு, அதாவது முழு ஃபிரேமும் ஒரே நேரத்துல பதிவாகும். சாதா வி-ராப்டர்ல அது கிடையாது.

யாரும் போடாத கணக்கு

இப்போ என் ஏரியா. அலெக்ஸா 35-ல ஓப்பன் கேட்ல 4608 × 3164 பிக்சல். ஆரிராவ்ல ஒரு பிக்சலுக்கு 13 பிட். பெருக்கினா ஒரு ஃபிரேம் சுமார் 24 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு மணி நேரம்னா கிட்டத்தட்ட 2 டெராபைட்.

20 நாள் ஷூட், தினம் 2 மணி நேர ஃபுட்டேஜ்னு வைங்க: 80 டெராபைட். மூணு காப்பி வைக்கிறது பாதுகாப்பு, அப்போ 240. அதே ஷூட்டை 4கே யுஎச்டி அளவுல புரோரெஸ் 4444-ல எடுத்தா மணிக்கு ஏறக்குறைய அரை டெராபைட். மூணு காப்பி சேர்த்தே 60.

ராவை கம்ப்ரஸ் பண்ணியே பதிவு பண்ற ஐடியாவை ரெட் 2007-ல ரெட் ஒன் கேமராவோடயே கொண்டுவந்துச்சு. சோனிக்கும் எக்ஸ்-ஓசிஎன்னு ஒரு ஃபார்மட் இருக்கு. கேமராவோட சேர்த்து ரெக்கார்டிங் ஃபார்மட்டையும் தேர்வு செய்யணும். வாடகை கொட்டேஷன்ல மீடியா கார்டு, பேட்டரி, லென்ஸ், டேட்டா பார்த்துக்குற ஆள் எல்லாம் இருக்கான்னு பாருங்க. டிஸ்க் செலவு அதுல வராது, அதைத் தனியா எழுதிக்கங்க.

அப்போ எப்படி முடிவு பண்றது?

அந்த மூணு கஷ்டமான காட்சியையும் ரெண்டு கேமராவுல, ஒரே லென்ஸ் வச்சு, அரை நாள் டெஸ்ட் ஷூட் பண்ணுங்க. மானிட்டர்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. டிஐ வரைக்கும் கொண்டுபோய், தியேட்டர் படம்னா புரொஜெக்டர்ல பாருங்க. வித்தியாசத்தை உங்க எடிட்டர் கண்டுபிடிக்கலைன்னா, வாடகை கம்மியா இருக்குறதை எடுங்க. மிச்சத்தை லைட்டுக்கும், ஃபோக்கஸ் புல்லருக்கும், கூட ஒரு நாள் ஷூட்டுக்கும் வைங்க.

2023-ல வந்த ‘தி கிரியேட்டர்’ பெரிய பட்ஜெட் படம். அதை எடுத்தது, 4000 டாலருக்குள்ள விற்ற சோனி எஃப்எக்ஸ்3-ல. அவங்களுக்கு எந்த கேமராவும் கிடைச்சிருக்கும். வேலைக்கு ஏத்த சின்ன கேமராவை எடுத்தாங்க. அதைப் பார்த்துட்டு நாமளும் எஃப்எக்ஸ்3 வாங்கணும்னு இல்லை. அவங்க கேட்ட கேள்வியை நம்ம ஸ்கிரிப்ட்டுக்குக் கேட்டுப் பார்ப்போம்.

உங்க ஸ்கிரிப்ட்ல அந்த மூணு காட்சி எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல லென்ஸ் பத்திப் பேசும்போது அதுல சிலதை எடுத்துக்கலாம்.