உறங்கும் புற்றுநோய் அணுக்கள் விழிப்பது ஏன்?

"அஞ்சு வருசம் தாண்டியாச்சே, இனி என்ன பயம்?" மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் உறவினர்கள் சொல்லும் ஆறுதல் இது. எல்லா வகை நோய்க்கும் இது பொருந்துவதில்லை.

'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை திரும்பினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகையோ காத்திருக்கும். ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு நோயின்றி இருந்த 62,923 பெண்களின் விவரங்களை ஆராய்ந்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் வேறு உறுப்புகளில் நோய் தலைகாட்டும் வாய்ப்பு, கட்டி சிறிதாக இருந்து அக்குள் நிணநீர்க் கணுக்களும் பாதிக்கப்படாதவர்களுக்கு 13 விழுக்காடு. பெரிய கட்டியும் நான்கு முதல் ஒன்பது பாதிக்கப்பட்ட கணுக்களும் இருந்தவர்களுக்கு 41 விழுக்காடு.

இத்தனை காலம் அந்த அணுக்கள் எங்கே இருந்தன?

1889ல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், இந்நோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் புரட்டினார். நோய் கல்லீரலுக்கு அடிக்கடி பரவியிருந்தது, மண்ணீரலுக்கு அரிதாகவே. விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். அந்த விதைகள் எலும்பு மஜ்ஜையிலும் நுரையீரலிலும் பெருகாமல் உறங்கிக் கிடக்கும் என்பது இன்று தெரியும். கீமோதெரப்பி பெருகும் அணுக்களையே குறிவைப்பதால், உறங்குபவை தப்பிவிடுகின்றன.

எழுப்புவது எது? புகையிலைப் புகையால் நுரையீரலில் ஏற்படும் அழற்சி, எலிகளில் இந்த அணுக்களை எழுப்பியதாக 2018ல் ஓர் ஆய்வு காட்டியது. சளிக்காய்ச்சல் கிருமியும் கொவிட்-19 கிருமியும் அதையே செய்தன என்கிறது 2025ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. இது எலிகளில் கண்டது. ஒவ்வொரு தும்மலுக்கும் பதற வேண்டாம். சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டு வைப்பதில் தவறில்லை.

உறங்கும்போதே அழித்துவிட முடியுமா என்ற முயற்சியும் நடக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், எலும்பு மஜ்ஜையில் இத்தகைய அணுக்கள் இருந்த 51 பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள இரு மருந்துகள் சோதிக்கப்பட்டன. பெரும்பாலோரிடம் அணுக்கள் மறைந்தன. சிறிய சோதனைதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பது அந்த அன்றாட ஹார்மோன் மாத்திரை. உடல் வெப்பம், மூட்டு வலி தாங்காமல் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவோர் உண்டு. நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கலாம். வாரக்கணக்கில் நீடிக்கும் எலும்பு வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல் இரண்டையும் "வயசாச்சு" என்று ஒதுக்காமல், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் காட்டிவிடுங்கள்.