மரை போன போல்ட்டும் திருப்புத்திறன் பாடமும்

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறனை நடத்தும்போது கதவையும் ஏற்றப்பலகையையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். விசையைத் தொலைவால் பெருக்க வேண்டும் என்று மாணவர்கள் சரியாக எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெருக்கல் அளவு மீறினால் என்ன கெடும் என்பது மட்டும் கரும்பலகையில் தெரிவதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டில் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். "ட்ரெயின் போல்ட் மரை போயிடுச்சு சார்" என்பதே அந்த விடை.

கார் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைச் சம்ப் என்பார்கள். பழைய ஆயிலை வடிக்க அதில் ஒரு துளை உண்டு. அதை அடைப்பதுதான் ட்ரெயின் போல்ட். போல்ட் எஃகால் ஆனது. பல கார்களில் சம்ப் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் மென்மையானது என்பதால், அளவுக்கு மேல் முறுக்கினால் சம்பின் உள்மரையே முதலில் பிய்கிறது. போல்ட்டை எளிதாக மாற்றிவிடலாம். சம்பை மாற்றச் செலவு அதிகம். கவனிக்காமல் விட்டால் ஓடும்போதே ஆயில் கசிந்து, இன்ஜினே பழுதாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய கார்கள் பலவற்றில் இந்தப் போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். 35 என்று வைத்துக்கொள்வோம். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 140 நியூட்டன் விசை கொடுத்தால் அது கிடைத்துவிடும். ஏறக்குறைய 14 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை அது. அதே ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி 75 செ.மீ. ஆக்கினால், அதே கைவிசைக்குத் திருப்புத்திறன் 105 ஆகிறது. மூன்று மடங்கு!

போல்ட் இரண்டு வகையில் கெடும். தலை மழுங்கி ஸ்பேனர் வழுக்குவது ஒன்று. அப்போது ஆறு முனை சாக்கெட்டைப் பொருத்திப் பார்க்கலாம். அதுவும் பிடிக்காவிட்டால், சற்றே சிறிய சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி இறுக்கிக் கழற்றலாம். பூட்டுக் குறடு பயன்படும். மழுங்கிய போல்ட்டுக்கென்றே உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டும் உண்டு.

மரை பிய்ந்து போல்ட் சும்மா சுற்றுவது மற்றொன்று. அப்போது போல்ட் தலைக்கு அடியில் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பிக் கீழ்நோக்கி இழுத்தபடியே இடப்புறமாகச் சுற்ற வேண்டும். வெளியே வந்தபின் போல்ட்டின் மரை மட்டும் கெட்டிருந்தால் புதிய போல்ட் போதும். சம்பின் மரை கெட்டிருந்தால், துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, கம்பிச் சுருள் மரை பொருத்துவார்கள். உலோகத் துகள் உள்ளே தங்கிவிடாதபடி கழுவுவது முக்கியம்.

எந்த வேலையானாலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். ஆயிலும் கொதிசூட்டில் இருக்கக் கூடாது.

வராமல் தடுக்கும் வழிகள் எளியவை. சரியான அளவு ஸ்பேனரையே பயன்படுத்த வேண்டும். வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பழைய வாஷரில் கசிவு வருவதால்தான் பலர் மேலும் மேலும் முறுக்குகிறார்கள். போல்ட்டை முதலில் விரலால் மட்டும் திருக வேண்டும். தண்ணீர் பாட்டில் மூடியைப் போல, முதலில் பின்னோக்கிச் சுற்றினால் மரை 'டக்' என்று இறங்கும் இடம் கையில் தெரியும். அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் மரை குறுக்கே ஏறாது. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் நல்லது.

இதை வகுப்பறைக்கும் கொண்டு வரலாம். தொடக்க வகுப்பில், செங்கோண முக்கோணமாக வெட்டிய தாளைப் பென்சிலில் சுற்றிக் காட்டினால், திருகு என்பது சுற்றப்பட்ட சாய்தளம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில், மரப்பலகையில் ஒரு போல்ட்டை நட்டுடன் இறுக்கி, நட்டில் ஸ்பேனரை மாட்டுங்கள். ஸ்பேனரின் நடுவிலும் முனையிலும் சுருள்வில் தராசைக் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். தொலைவு இருமடங்கானால் விசை பாதியாவதை அவர்களே குறித்துக்கொள்வார்கள். "இறுக்கமாக" என்ற சொல்லுக்கும் ஓர் எண் உண்டு என்று அறிந்த மாணவர், நாளை ஸ்பேனரைப் பிடிக்கும்போது குழாயைத் தேட மாட்டார்.