அச்சுப்பிழையால் கொல்லும் ஊசி

"பட்டாசு ஆலை விபத்தில் உடல் வெந்த என் மைத்துனருக்கு அமிக்காசின் ஊசி போட்டார்கள். புண் இருந்தது முதுகில். டாக்டரோ நாள் தவறாமல் காதில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டார். ஏன்?" திருத்தங்கலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

காதுக்குப் போகும் வழியில் ஓர் அச்சகம் இருக்கிறது. சிவகாசிப் பக்கத்துக்காரருக்கு அது புதிதில்லை.

தீக்காயத்தில் தோல் என்ற வேலி போய்விடுகிறது. சில நாட்களில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறும். கட்டுத்துணியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தாலே வார்டு நர்ஸுகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். கிருமி ரத்தத்தில் கலந்தால் நிலைமை மோசம். அப்போதுதான் அமிக்காசின் போன்ற ஊசி; மாத்திரைக்கு இங்கே வேலையில்லை. குடல் இந்த மருந்தை உள்ளே விடாது. கருகிய தோலில் ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் ஊசி மருந்தும் அங்கே போய்ச் சேராது. கருகலை வெட்டி எடுத்து, களிம்பு பூசித்தான் ஆக வேண்டும்.

இனி அச்சகம். பாக்டீரியாவின் ரைபோசோம், ஆர்.என்.ஏ. என்ற கையெழுத்துப் பிரதியை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதத்தைக் கோக்கிறது. உள்ளே ஒரு புரூஃப் ரீடர் உண்டு: இரண்டு அடினின் எழுத்துகள். வந்த எழுத்து பிரதியோடு சரியாகப் பொருந்தினால் மட்டும் இவை இரண்டு விரல் நீட்டுவதுபோல வெளியே புரண்டு 'ஓகே' சொல்லும். அமிக்காசின் போய் ஆப்பு மாதிரி இடுக்கில் உட்கார்ந்துகொள்கிறது. நீட்டிய விரல்கள் மடங்க வழியில்லை. எது வந்தாலும் ஓகே. இந்த மருந்துக் குடும்பம் ரைபோசோமில் உட்காரும் கோலத்தை 2000-ல் படம்பிடித்துக் காட்டியது சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு. 2009-ல் அவருக்கு நோபல்.

புரூஃப் ரீடர் எல்லாவற்றுக்கும் ஓகே சொன்னால், காலண்டரில் அமாவாசைக்கு அடுத்த தாளிலேயே பௌர்ணமி வருகிறது. அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் இந்த அச்சகம் தன் கூரையையும் தான் அச்சடித்த தாளாலேயே வேய்கிறது! பிழைப் புரதங்கள் சவ்வில் செருகிக்கொள்ள, கூரை ஒழுகுகிறது. ஒழுகல் வழியே மேலும் மருந்து இறங்குகிறது. மேலும் பிழை, மேலும் ஓட்டை. நாலு சொட்டாக நுழைந்தது அடைமழையாகிறது. (உவமையை ரொம்ப இழுக்கிறேன், தெரியும். சரவெடியை இன்னும் தொடவேயில்லை.) அந்த முதல் சொட்டுகளை உள்ளே இழுக்க ஆக்ஸிஜன் வேண்டும். அதனால் காற்றுப்படாத சீழ்க்கட்டிக்குள் மருந்து கைவிரித்துவிடும்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1943-ல் மண்ணிலிருந்து இதே குடும்பத்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். 1952-ல் நோபல் வாங்கியவர் அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மன் மட்டும். 1963-ல் ஜெண்டாமைசின், அடுத்த பத்தாண்டில் அமிக்காசின். போதும்.

'சூப்பர் கிருமியை ஒழிக்கும் புதிய மருந்து' என்ற தலைப்பைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. இதே குடும்பத்தின் பிளாசோமைசின் 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தயாரித்த நிறுவனம் 2019-ல் திவாலானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக 2010-ல் வெளியான ஆய்வு, என்.டி.எம்-1 மரபணு தாங்கிய சூப்பர் கிருமிகள் சென்னையிலும் இருப்பதைக் காட்டியது. அந்த வகைக் கிருமிகள் பலவற்றிடம் இன்னொரு தந்திரமும் உண்டு: மருந்து உட்காரும் இருக்கையில் ஒரு மெத்தில் முள்ளைச் செருகிவிடும். அமிக்காசினும் உட்கார முடியாது, பிளாசோமைசினும் முடியாது. கல்ச்சர் ரிசல்ட் பார்க்காமல் எந்த ஊசியையும் புகழ்வதில் அர்த்தமில்லை.

சரி, காது. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியா. அதன் அச்சகமும் பழைய மாடல்தான். உட்செவியின் மயிர்ச் செல்களும் சிறுநீரகச் செல்களும் இந்த மருந்தை விழுங்கிச் சேர்த்து வைக்கின்றன. சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். அதைக் கண்காணிக்கத்தான் கிரியாட்டினின் பரிசோதனை. மயிர்ச் செல் செத்தால் மறுபடி முளைக்காது. தாய்வழியில் வரும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் சில ஊசிகளிலேயே செவிடாகலாம். முதலில் போவது கீச்சுக்குரல்கள், அதனால் நோயாளிக்கே தெரியாது.

உங்கள் மைத்துனர் வெடிவிபத்திலிருந்து வந்தவர். வெடிச்சத்தத்திலேயே காது இரைய ஆரம்பித்திருக்கலாம். முதல் ஊசிக்கு முன்பே இரைச்சல் இருந்ததா என்று தெரிந்தால்தான், பிறகு வருவது மருந்தின் வேலையா என்று டாக்டர் பிரித்துப் பார்க்க முடியும்.