பன்னிரண்டு பதினொன்றான கதை

“முன்னெல்லாம் பன்னிரண்டு குடுத்த வண்டி, இப்போ பதினொன்னத் தாண்ட மாட்டேங்குது.” வேன் ஸ்டாண்டில் இந்தப் பேச்சு அடிபடாத நாள் இருக்காது. பேச்சு தொடங்கிய மறு நிமிடமே குற்றவாளியும் கிடைத்துவிடுவார். பங்கில் அளவைக் குறைக்கிறார்கள் என்பார் ஒருவர். போன மாதம் சர்வீஸ் பார்த்த மெக்கானிக் எதையோ மாற்றிவிட்டார் என்பார் இன்னொருவர். வண்டியின் ஓனர் வெளியே சொல்லாவிட்டாலும் மனதுக்குள் டிரைவரைச் சந்தேகிப்பார். கடைசியில் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லி ஒரு செலவும் வந்து சேரும். இத்தனையும் ஒரே ஒரு வகுத்தல் கணக்கை நம்பி நடக்கிறது. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து வந்த அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். மைலேஜ் 12லிருந்து 11க்கு இறங்கினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 83 லிட்டர் குடித்த வண்டி 91 லிட்டர் குடிக்கிறது. மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு இது 30 லிட்டர் கூடுதல். லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டி விற்கும்போது, ஒற்றை வேனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு பிள்ளையின் டியூஷன் பணம். குறைந்திருந்தால் கண்டுபிடித்தே ஆக வேண்டும். குறையாமலேயே குறைந்ததாகத் தோன்றினால் அதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் டேங்க். அது நிரம்பிவிட்டது என்று நமக்குச் சொல்வது பங்கில் நாஸில் ‘டக்’ என்று தானாக நிற்கும் சத்தம். அந்த நாஸிலுக்குள் மின்சாரமும் இல்லை, சென்சாரும் இல்லை. மூக்கின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடிக்குள் போகிறது. டீசல் குறுகலான வழியில் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். இத்தாலிய இயற்பியலாளர் வென்டூரி 1797இல் விவரித்த விளைவு இது. குறைந்த அழுத்தம் அந்தத் துளை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்கில் டீசல் மட்டம் ஏறித் துளையை மூடியதும் காற்று வரத்து நின்றுவிடும். உள்ளே வெற்றிடம் கூடும். ஒரு சவ்வு இழுபட்டு, அதனோடு பூட்டியிருக்கும் நெம்புகோல் விடுபட்டு, வால்வு மூடிக்கொள்ளும். இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஓர் இயற்பியல் உண்மை ஒவ்வொரு பங்கிலும் நாள் முழுக்க இப்படி உழைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் அந்தத் துளைக்குத் தெரிவதெல்லாம் ஏதோ ஒன்று தன்னை மூடிவிட்டது என்பது மட்டுமே. மூடியது டீசலா, டீசலின் நுரையா என்று அதற்குத் தெரியாது. பெட்ரோலைவிட டீசல் அதிகமாக நுரைக்கும். வேகமாக ஊற்றினால் நுரை சீக்கிரம் எழும்பி, டேங்கில் இடம் மிச்சமிருக்கும்போதே நாஸில் நின்றுவிடும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்கின் மூலையில் காற்று சிக்கிக்கொள்ளும். இப்படி ஒன்றிரண்டு லிட்டர் முன்னே பின்னே ஆவது சாதாரணம். இப்போது கணக்கைப் பாருங்கள். 240 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. அதே ஓட்டத்துக்கு இந்தத் தடவை 22 லிட்டர் பிடித்தால் 10.9. எஞ்சினில் ஒரு நட்டுகூட அசையவில்லை; போன தடவை எழும்பிய நுரைதான் பன்னிரண்டைப் பதினொன்றாக்கியது.

இதற்கு மருந்தும் அதே கணக்குக்குள் இருக்கிறது. போன தடவை இரண்டு லிட்டர் குறைவாகப் பிடித்திருந்தால் இந்தத் தடவை அந்த இரண்டு லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். முந்தைய தடவையின் பிழையை அடுத்த தடவை அப்படியே எதிர்த்திசையில் சரிசெய்துவிடுகிறது. ஆகவே தொடர்ந்து ஐந்தாறு ஃபுல் டேங்க் போட்டு, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால், நடுவில் வந்த எல்லாப் பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும் மட்டுமே மிஞ்சும். 20 லிட்டரில் இரண்டு லிட்டர் பத்து சதவீதம். 120 லிட்டரில் அதே இரண்டு லிட்டர் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு தடவையும் வந்த மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. ஒரு நடையில் 10, அதே தூரம் போன மறு நடையில் 15 என்றால் சராசரி பன்னிரண்டரை ஆகாது. குடித்த டீசலைக் கூட்டிப் பார்த்தால் சரியாக 12தான் வரும்.

பங்கின் மேல் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்கவும் வழி உண்டு. முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரைதான் வித்தியாசம் அனுமதி, அதாவது அரை சதவீதம். நுரையின் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

லிட்டரைப் போலவே கிலோமீட்டரும் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்மையானது இல்லை. ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை எண்ணி அதைத் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. வேன் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். பட்டன் தேயத் தேய ஆறேழு மில்லிமீட்டர் குறையும். அது இரண்டு சதவீதம். தேய்ந்த டயர் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டரில் தூரம் கூடித் தெரியும், மைலேஜும் கூடித் தெரியும். புது டயர் போட்ட மறுநாளே அந்த இனாம் போய்விடும். அதோடு, புது டயரில் தடித்த பட்டன்கள் சாலையில் அமுங்கி நிமிரும்போது கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கி வீணடிக்கும். தேய்ந்த டயரில் இந்த இழப்பு குறைவு. டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை. அதற்காக வழுக்கை டயரோடு யாரும் ஓட வேண்டாம். மழையில் உயிரைக் காப்பது அந்தப் பட்டன்தான்.

அளப்பதை ஒழுங்காக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எண் ஆடும். ஏன் என்று தெரிய ஒரு லிட்டர் டீசலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அதில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நம் வீட்டு மின்கணக்கில் சொன்னால் பத்து யூனிட். ஒரு டன் பாரத்தை மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க இது போதும். இதில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குதானா என்று தோன்றும். 1897 பிப்ரவரி 17 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசலின் எஞ்சினை மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். எரிபொருளை எடைபோட்டு, எஞ்சின் செய்த வேலையையும் அளந்து அவர் கண்டது 26.2 சதவீதத் திறன். அன்றைய நீராவி எந்திரங்களோடு ஒப்பிட்டால் அது பெரும் பாய்ச்சல். டீசல் எஞ்சினுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஒழுங்காக எடுத்த ஒரு மைலேஜ் கணக்குதான்.

சக்கரத்துக்கு வந்த அந்த ஆற்றலைத் தின்பவை முக்கியமாக இரண்டு: டயரின் உருளல் தடையும் காற்றின் தடையும். மூன்று டன் எடையுள்ள வேனின் டயர்கள் சுமார் 300 நியூட்டன் விசையால் பின்னே இழுக்கின்றன. வேகம் மாறினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பெட்டி போன்ற வேனின் முகப்பு நாலு சதுர மீட்டர் இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் காற்று 450 நியூட்டனால் தடுக்கும். 100 கிலோமீட்டரில் 700 நியூட்டனால். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டால், 80இல் பதினாலு கொடுக்கும் வண்டி 100இல் பதினொன்றுக்குக் கீழே வந்துவிடும். எண்கள் தோராயமானவை, ஆனால் சரிவு உண்மை. நாலுவழிச் சாலை திறந்த பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்றால் எஞ்சினைத் திறப்பதற்கு முன் ஸ்பீடாமீட்டரைப் பார்க்க வேண்டும்.

காற்று வீசினால் கதை இன்னும் சுவையாகிறது. ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் வண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேல்காற்றை நேராக நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 80இல் போகும் வேனுக்குக் காற்று 100இல் மோதும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. வர்க்கமாக ஏறும் தடையில், போகும்போது இழப்பது திரும்பும்போது கிடைப்பதைவிட எப்போதும் அதிகம்.

மலைப்பாதை இன்னொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறினால் உயரம் சுமார் 1,900 மீட்டர் கூடுகிறது. ஆட்களோடு மூன்றரை டன் எடையுள்ள வேனைத் தூக்கி நிறுத்த மட்டும் ஐந்து லிட்டர் டீசல் வேண்டும். சாலையில் ஓடும் செலவு இதற்கு மேல். இறங்கும்போது கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால், இன்றைய எஞ்சின்கள் டீசலை முழுதாகவே நிறுத்திக்கொள்கின்றன. வண்டியின் எடையே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் இறக்கினால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும், பிரேக்கும் காய்ந்துவிடும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரல் போடுகிறவர் டீசலையும் இழக்கிறார், பாதுகாப்பையும் இழக்கிறார்.

கல்யாண மண்டப வாசலில் ஏ.சி. ஓட நிற்கும் நேரத்தையும் மறக்கக் கூடாது. மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும், கிலோமீட்டர் சுழியம்.

இவ்வளவு காரணங்களால் தானாகவே ஆடும் ஓர் எண், எப்போது உண்மையிலேயே விழுந்தது என்று சொல்வது? இதே கேள்வியை ஒரு தொழிற்சாலையில் வைத்துக் கேட்டவர் வால்டர் ஷூஹார்ட். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1924 மே மாதம் அவர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பில் விடை இருந்தது. எந்த அளவும் இயல்பாகவே ஓர் எல்லைக்குள் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் காரணம் தேடி எந்திரத்தைத் திருகினால் இருப்பதும் கெடும். எல்லையைத் தாண்டும்போதோ, தொடர்ந்து ஒரே பக்கம் சாயும்போதோதான் தனிக் காரணம் இருக்கிறது என்று பொருள். பின்னாளில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் முயற்சியில் அவர் இந்தியாவுக்கும் வந்து இதை நம் தொழிற்சாலைகளுக்கு எடுத்துச் சொன்னார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் வேனுக்கும் இதைச் செய்யலாம். வண்டி நன்றாக ஓடும் காலத்தில் பத்துப் பன்னிரண்டு ஃபுல் டேங்க் கணக்கைத் தேதியோடு எழுதி, பக்கத்தில் மலை, ஏ.சி., லோடு என்று ஒரு சொல் குறித்துவைக்க வேண்டும். அவை 11.3க்கும் 12.6க்கும் நடுவே ஆடியிருந்தால், இன்று வந்த 11.4க்கு ஒரு பொருளும் இல்லை. ஆனால் தொடர்ந்து எட்டுத் தடவை பழைய சராசரிக்குக் கீழேயே வந்தால், அது காசைச் சுண்டி எட்டுத் தடவையும் பூவே விழுவது போல; தற்செயலாக நடக்க 256இல் ஒரு வாய்ப்புதான். அப்போது தாராளமாகக் காரணம் தேடலாம். இந்த நோட்டு இல்லாமல், ஒரே ஒரு டேங்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவரைத் திருடன் என்பது அநியாயம். அப்படி வேலை போனவர்கள் உண்டு.

குறைந்தது உறுதியானால், டாஷ்போர்டில் மைலேஜ் காட்டும் வண்டியில் ஒரு நல்ல தடயம் கிடைக்கும். அந்தத் திரை டேங்கை அளப்பதில்லை. இன்ஜெக்டருக்கு எவ்வளவு டீசல் விடச் சொன்னோம் என்று எஞ்சின் கணினி தன் கட்டளைகளைக் கூட்டிக் காட்டுகிறது. திரையிலும் குறைந்து, டேங்க் கணக்கிலும் குறைந்தால் வண்டியை ஏதோ பிடித்து இழுக்கிறது என்று கொள்ளலாம்: காற்று குறைந்த டயர், கோணல் அலைன்மென்ட், விடாமல் உரசும் பிரேக். ஓட்டிவிட்டு இறங்கியதும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், உரசும் சக்கரம் தனியாகச் சுடும். திரை பழைய எண்ணையே காட்ட, டேங்க் மட்டும் குறைந்தால், கணினிக்குத் தெரியாமல் டீசல் போகிறது: தேய்ந்த இன்ஜெக்டர், குழாயில் கசிவு, அல்லது வேறு கை. டர்போ குழாயில் விரிசல் இருந்தால் கறும்புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்து வரும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் சூடேறாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். நீண்ட தூரம் போன பிறகும் வெப்பமானி முள் கீழேயே கிடப்பது அதன் அடையாளம்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிந்தைய வேன்களில் புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. சைலன்சர் வழியில் இருக்கும் கரி வடிகட்டி நிறைந்ததும், எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தி அதைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கும். நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு இது டிரைவர் அறியாமலே முடிந்துவிடும். காலையும் மாலையும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் பள்ளி வேனில் பாதி எரியும்போதே எஞ்சின் அணைந்துவிடும். மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் டீசல் செலவு. எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கும். அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். யாரும் ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தால், காணாமல்போன டீசலில் கொஞ்சம் அங்கே இருக்கிறது. முதலில் ஆயிலை மாற்றிவிட்டு, வண்டியை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிக் கரியை முழுதாக எரியவிட்டு, டேங்கை நிரப்பி, நோட்டில் புதுப் பக்கம் தொடங்கலாம்.